பதக்க மேடையில் தலை குனிந்த சாம்பியன்: யார் இந்த சோன் கீ-ஜங்?

போட்டி தொடங்கும் முன் தேசிய கீதம் ஒலிக்கிறது. கேமரா ஒவ்வொரு வீரரின் முகமாக நகர்கிறது. ஒருவர் உரக்கப் பாடுகிறார். இன்னொருவர் கண்ணை மூடி நிற்கிறார். மற்றொருவரின் உதடு அசையவே இல்லை. அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிஷத்தில் சோஷியல் மீடியாவில் பஞ்சாயத்து கூடிவிடும். யாருக்கு நாட்டுப்பற்று இருக்கு, யாருக்கு இல்லை என்று தீர்ப்பும் வந்துவிடும்.

சரி, ஒலிப்பது தன் நாட்டின் கீதமே இல்லை என்றால்? மேலே ஏறுவது தன் நாட்டைப் பிடித்து வைத்திருப்பவர்களின் கொடி என்றால்? ஜெயித்த வீரர் அப்போது எப்படி நிற்பார்?

இந்தக் கேள்வியை 1936-ல், பெர்லின் ஒலிம்பிக் மேடையில், தங்கப் பதக்கத்தோடு எதிர்கொண்டவர் சோன் கீ-ஜங். தென்கொரியாவில் இவர் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் ஒலிம்பிக் பதிவேட்டில் இன்று வரை இவர் ஒரு ஜப்பான் வீரர். ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

நாடு இல்லாத நாட்டில் பிறந்தவர்

கொரியாவை ஜப்பான் 1910-ல் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912-ல் பிறந்தவர் சோன். சொந்த ஊர் சினுய்ஜு. யாலு ஆற்றங்கரையில், சீன எல்லையை ஒட்டிய ஊர். வசதி இல்லாத குடும்பம். ஓடுவதற்குப் பெரிய செலவு கிடையாது, காலும் பாதையும் போதும். அப்படித்தான் ஓட்டம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

ஓட்டத் திறமைதான் அவரை சியோல் நகரின் யாங்ஜோங் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. தடகளத்தில் பேர் வாங்கிய பள்ளி அது. 1935 நவம்பர் 3-ம் தேதி டோக்கியோவில் நடந்த மாரத்தானில் 2 மணி 26 நிமிடம் 42 விநாடியில் ஓடி முடித்தார். அது உலக சாதனை.

கொரியாவுக்கென்று தனி ஒலிம்பிக் அணி அப்போது கிடையாது. ஒலிம்பிக்கில் ஓட வேண்டுமென்றால் ஒரே வழிதான்: ஜப்பான் உடையைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஓடாமல் வீட்டில் இருந்தால் உலகத்துக்கு அவரைத் தெரியப்போவதில்லை. ஓடி ஜெயித்தால் பெருமை ஜப்பானுக்குப் போய்விடும். சோன் ஓடுவது என்று முடிவெடுத்தார்.

பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் பெயரை எழுதும் சீன எழுத்துகளை ஜப்பானிய முறையில் வாசித்து, சோன் கிடெய் என்று பதிவு செய்தார்கள். அந்தப் பெயரில்தான் பெர்லின் போனார்.

2 மணி 29 நிமிடம்

1936 ஆகஸ்ட் 9. மாரத்தானில் 56 பேர் புறப்பட்டார்கள். முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அர்ஜென்டினாவின் சபாலா, எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்து முன்னால் போனார். அவரைத் துரத்த வேண்டுமா, வேண்டாமா? பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் எர்னி ஹார்ப்பர், அவசரப்படாதே என்கிற மாதிரி சைகை காட்டினார். இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனாலும் சோனுக்குப் புரிந்தது. தன் போட்டியாளரின் யோசனையைக் கேட்டுத்தான் அவர் நிதானமாக ஓடினார் என்பது இந்தக் கதையின் அழகான பகுதி.

பாதி தூரம் தாண்டியதும் சபாலா தளர்ந்தார். சோன் அவரை முந்தினார். சபாலா கடைசியில் ஓட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. மைதானத்துக்குள் முதல் ஆளாக நுழைந்த சோன், 2 மணி 29 நிமிடம் 19.2 விநாடியில் கோட்டைத் தொட்டார். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்த முதல் மனிதர் அவர்தான். ஹார்ப்பருக்கு வெள்ளி. மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்? அவரும் கொரியர்தான். அவர் நெஞ்சிலும் ஜப்பான் கொடிதான்.

மேடையில் என்ன நடந்தது?

பதக்க மேடை. ஜப்பானின் தேசிய கீதம் ஒலித்தது. இரண்டு ஜப்பான் கொடிகள் மேலே ஏறின. சோன், நாம் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாடவில்லை, கொடியையும் பார்க்கவில்லை.

தங்கம் வென்றவர்களுக்கு அந்த ஒலிம்பிக்கில் ஒரு ஓக் மரக்கன்றும் கொடுத்தார்கள். சோன் அதைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உடையில் இருந்த ஜப்பானின் சூரிய முத்திரை அதில் மறைந்துபோனது. வெண்கலம் வென்ற நாம் கையில் கன்று இல்லை. சோனிடம் தங்கம் இருந்ததற்காகப் பொறாமைப்படவில்லை, கொடியை மறைக்க அவரிடம் ஒரு செடி இருந்ததற்காகத்தான் பொறாமைப்பட்டேன் என்ற பொருளில் நாம் பிற்பாடு சொன்னார். அந்தத் தலைகுனிவுக்குப் பின்னால் இருந்தது அவமானமும் கோபமும்தான் என்று சோனும் பின்னாளில் விளக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவரும் மேடையை விட்டு இறங்கவில்லை. முதுகைக் காட்டவில்லை. விதிகளின்படி பார்த்தால் ஒரு தப்பும் செய்யவில்லை. கீதம் முடியும் வரை அசையாமல் நின்றார்கள். அந்தப் புகைப்படத்தை மட்டும் பார்க்கும் ஒருவர், ஆழ்ந்த மரியாதையில் தலை வணங்குகிறார்கள் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். நிற்கும் விதத்தை வைத்து ஒருவர் மனசில் இருப்பதைப் படித்துவிட முடியும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தப் படம் ஒரு நல்ல பாடம்.

மேடைக்கு வெளியே சோன் அடங்கி இருக்கவில்லை. ஆட்டோகிராஃப் கேட்டவர்களுக்கு கொரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். சில நேரம் பக்கத்திலேயே கொரியாவின் வரைபடத்தையும் சின்னதாக வரைந்து கொடுத்தார். எந்த நாடு என்று கேட்டவர்களிடம் கொரியா என்று சொன்னார்.

அதே பெர்லினில் இந்திய அணி

பெர்லினில் இந்த நிலைமை சோனுக்கு மட்டும் இல்லை. தயான் சந்த் தலைமையில் போன இந்திய ஹாக்கி அணியும் பிரிட்டிஷ் ஆட்சியின் கொடிக்குக் கீழேதான் விளையாடியது. ஆகஸ்ட் 15-ம் தேதி ஜெர்மனியுடன் இறுதிப் போட்டி. களம் இறங்கும் முன், உடை மாற்றும் அறையில் அணி நிர்வாகி பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, வீரர்கள் அதை வணங்கிவிட்டுப் போனதாக தயான் சந்த் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். 8-1 என்ற கணக்கில் இந்தியா ஜெயித்தது.

அவர்களுக்கு மூடிய அறை கிடைத்தது. சோனுக்குக் கிடைத்தது ஒரு செடி.

ஒரு புகைப்படம், ஒரு பத்திரிகை, சிறை

ஆகஸ்ட் 25-ம் தேதி, சியோலில் வெளியாகும் டோங்-ஆ இல்போ நாளிதழ் சோனின் மேடைப் படத்தை வெளியிட்டது. படத்தில் ஒரு மாற்றம். நெஞ்சில் இருந்த ஜப்பான் கொடி அழிக்கப்பட்டிருந்தது. இன்றைக்கு போட்டோ எடிட் என்பது போனில் ஒரு நிமிஷ வேலை. அன்றைக்கு அந்தச் சின்ன வட்டத்தை அழித்ததற்காக பத்திரிகை ஊழியர்களை போலீஸ் பிடித்துப் போனது. பத்திரிகைக்கும் தடை விழுந்தது. கிட்டத்தட்ட ஒன்பது மாதம் அது வெளியாகவே இல்லை.

ஊர் திரும்பிய சோனுக்கும் மேளதாளம் இல்லை. போலீஸ் கண்காணிப்புதான் வரவேற்றது. கொரியர்கள் அவரைச் சுற்றிக் கூடினால் அது எங்கே போய் முடியுமோ என்று ஆட்சியாளர்கள் பயந்தார்கள். பிறகு ஜப்பானின் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். போட்டிகளில் ஓடக்கூடாது என்ற நிபந்தனையோடு! உலக சாதனை கையில் இருக்க, இருபதுகளின் நடுவிலேயே ஒரு மாரத்தான் வீரரின் ஓட்டம் நின்றுபோனது. அவர் கொடுத்த விலை இதுதான்.

சொந்தக் கொடி கைக்கு வந்த நாள்

1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது. கொரியா விடுதலை பெற்றது. சோன் பயிற்சியாளராக மாறினார்.

1947-ல் அவருடைய மாணவர் சு யுன்-போக் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் முதலிடம் பிடித்தார். நேரம் 2 மணி 25 நிமிடம் 39 விநாடி. யாருடைய உலக சாதனையை முறியடித்தார் தெரியுமா? 1935-ல் சோன் படைத்த அதே சாதனையை! 1950 பாஸ்டன் மாரத்தானில் முதல் மூன்று இடங்களும் கொரியர்களுக்கே. தனக்கு ஓடத் தடை போட்ட காலத்தை, ஓடுகிறவர்களை உருவாக்கித்தான் சோன் ஈடுகட்டினார்.

இதற்கு நடுவே 1948 லண்டன் ஒலிம்பிக் வந்தது. கொரியா என்ற பெயரில் ஓர் அணி கலந்துகொண்ட முதல் கோடைக்கால ஒலிம்பிக் அது. தொடக்க விழாவில் கொரியக் கொடியைப் பிடித்து நடந்தவர் சோன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செடியால் கொடியை மறைத்த அதே கைகள்.

கொரிய தேசிய கீதத்துக்கும் ஒரு சுவாரசியமான கதை உண்டு. காலனி ஆட்சிக் காலத்தில் கொரியர்கள் அந்த வரிகளை ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலின் மெட்டில்தான் பாடி வந்தார்கள். 1948-ல் அரசு அமைந்த சமயத்தில்தான் கொரிய இசையமைப்பாளர் ஆன் இக்-டே போட்ட மெட்டு நடைமுறைக்கு வந்தது.

ஆனால் விடுதலை முழுசாக இனிக்கவில்லை. நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. சோன் வாழ்ந்தது தெற்கில். அவர் பிறந்த சினுய்ஜு வடகொரியாவுக்குப் போய்விட்டது. எந்த நாட்டுக்காக அவர் மேடையில் தலை குனிந்தாரோ, அந்த நாடு வரைபடத்தில் ஒன்றாக இல்லை.

76 வயதில் ஒரு துள்ளல்

1988 செப்டம்பர் 17. சியோல் ஒலிம்பிக் தொடக்க விழா. ஜோதியை ஏந்தி மைதானத்துக்குள் வந்தவரைப் பார்த்ததும் அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. 76 வயது சோன், சின்னப் பையன் மாதிரி துள்ளித் துள்ளி ஓடினார். பெர்லினில் தங்கம் வாங்கிய முகத்தில் இல்லாத சிரிப்பு இந்த முகத்தில் இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இன்னொரு பழைய கணக்கும் தீர்ந்தது. 1936 மாரத்தான் வெற்றியாளருக்குப் பரிசளிக்க கிரேக்கப் பத்திரிகை ஒன்று பழங்கால வெண்கலத் தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்திருந்தது. அமெச்சூர் வீரர்கள் விலை உயர்ந்த பரிசு வாங்கக்கூடாது என்று அப்போது தடுத்துவிட்டார்கள். ஐம்பது வருஷம் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த அது, 1986-ல் சோன் கைக்கு வந்தது. அவர் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் ஒரு காட்சி காத்திருந்தது. மாரத்தானில் தென்கொரியாவின் ஹ்வாங் யோங்-ஜோ தங்கம் வென்றார். அவரோடு கடைசி வரை மல்லுக்கட்டி வெள்ளி வாங்கியவர் ஜப்பானின் மொரிஷிட்டா. தேதி என்ன? ஆகஸ்ட் 9. பெர்லின் ஓட்டத்துக்கு சரியாக 56 வருஷம். அந்த மேடையில் தென்கொரிய கீதம் ஒலித்தபோது, சோன் பார்வையாளர் பகுதியில் இருந்தார்.

பதிவேட்டில் இன்னும் ஏன் ஜப்பான்?

1970-ல் தென்கொரிய எம்.பி. ஒருவர் இரவோடு இரவாக பெர்லின் ஒலிம்பிக் மைதானத்துக்குள் போய், வெற்றியாளர்கள் பெயர் பொறித்த கல்லில் ஜப்பான் என்பதை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு கொரியா என்று பொறித்தார். பின்னர் அதிகாரிகள் பழையபடியே மாற்றிவிட்டார்கள்.

கொரியத் தரப்பு பல முறை கேட்டும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பதிவை மாற்றவில்லை. போட்டி நடந்தபோது அவர் எந்த அணியில், எந்தப் பெயரில் பதிவானாரோ அதுதான் செல்லும் என்பது கமிட்டியின் நிலைப்பாடு. ஒருவருக்காக மாற்றினால், பேரரசுகளின் பெயரில் ஆடிய எல்லோருடைய பதிவையும் திறக்க வேண்டியிருக்கும். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2011-ல் ஒரு சின்ன நகர்வு நடந்தது. கமிட்டியின் இணையதளத்தில் உள்ள அவரது வாழ்க்கைக் குறிப்பில், அவர் கொரியர் என்பதும், அவர் பிறந்த காலச் சூழலும் சேர்க்கப்பட்டன. பதக்கப் பட்டியலில் மட்டும் நாடு மாறவில்லை.

சோன் கீ-ஜங் 2002 நவம்பர் 15-ம் தேதி, 90-வது வயதில் காலமானார். தேஜோன் தேசிய நினைவிடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் படித்த யாங்ஜோங் பள்ளி வேறு இடத்துக்கு மாறிவிட்டது. பள்ளி இருந்த பழைய இடம் இப்போது சியோலில் அவர் பெயரிலான பூங்கா. பெர்லின் மேடையில் அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த செடி, அங்கேதான் பெரிய மரமாக வளர்ந்து நிற்கிறது.