யார் இந்த எம்.சி.ராஜா? கிணறு, தெரு, பஸ் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்த வாத்தியார்!

கொண்டப்பநாயக்கன்பட்டியில் டவுன் பஸ் ஏறி சேலம் வருகிற யாரும், காலி சீட்டில் உட்கார யோசிப்பதில்லை. டிக்கெட் எடுத்தாச்சு, உட்கார்ந்தாச்சு, அவ்வளவுதான். ஆனால் பொதுக் கிணறு, குளம், பாதை, பொது வாகனம் என எதிலும் பட்டியல் சாதி மக்களைத் தடுக்கக் கூடாது என்று சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1938-ல்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் எம்.சி.ராஜா.

சென்னைக்குப் படிக்க வந்தவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கலாம். சைதாப்பேட்டையில் இருக்கும் எம்.சி.ராஜா மாணவர் விடுதி இவர் பெயரில்தான் இயங்குகிறது.

1883-ல் பரங்கிமலையில் பிறந்தவர் மயிலை சின்னத்தம்பி ராஜா. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். ஆசிரியர் வேலையில் சேர்ந்தார், பாடப் புத்தகங்கள் எழுதினார். கூடவே ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் பொறுப்பு. 1920-ல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் முதலில் கையில் எடுத்தது பெயர்ப் பிரச்சினை. அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை நிறுத்தி, ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் எனக் கேட்டார். 1922-ல் அரசு ஏற்றுக்கொண்டது. வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசித்துப் பழகிய வாத்தியாருக்குத்தான் ஒரு பெயர் எவ்வளவு தூரம் கூடவே வரும் என்பது தெரியும்.

நீதிக்கட்சியோடு உறவு நீடிக்கவில்லை. 1921-ல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறியது. கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர்கள் மீதே பழி போட, ராஜா 1923-ல் வெளியேறினார். பிறகு 1927 முதல் 10 ஆண்டுகள் டெல்லியில் மத்திய சட்டசபை உறுப்பினர்.

இவர் வாழ்க்கையில் இன்றுவரை விவாதிக்கப்படும் இடம் 1932. அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும் தனித்தொகுதி கேட்டார்கள். ஆரம்பத்தில் ராஜாவும் அதைத்தான் கேட்டவர். திடீரென நிலைப்பாட்டை மாற்றி, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவோடு ஒப்பந்தம் போட்டார். கூட்டுத்தொகுதி இருக்கட்டும், அதில் இடஒதுக்கீடு வேண்டும் என்பது சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தமும் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் போனது. ராஜா அதிலும் கையெழுத்திட்டார். மற்ற இந்துக்களோடு சேர்ந்து நின்றால் அவர்கள் இறங்கி வருவார்கள் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை வர ஆறு வருஷம்தான் ஆனது. 1938-ல் மாகாண முதல்வர் ராஜாஜி. சேலத்துக்காரர்களுக்கு அவர் தங்கள் ஊர் வக்கீல், முன்னாள் நகராட்சித் தலைவர். ராஜா கொண்டுவந்த முதல் மசோதாவுக்கு அவருடைய அரசு ஆதரவு தந்தது. கிணறும் பாதையும் வாகனமும் சட்டத்துக்குள் வந்தன. கோயில் மட்டும் வரவில்லை. மதச்சார்பற்ற இடங்களுக்குத்தான் சட்டம் பொருந்தும் என்று வரம்பு இருந்தது.

கோயிலுக்காக ராஜா தனி மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி வாபஸ் வாங்கச் சொன்னார். முதலில் மலபாருக்கு மட்டும் கொண்டுவருவோம், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. ராஜா மறுத்தார். காங்கிரஸ் பெரும்பான்மை இருந்த அவையில் மசோதா தோற்றது. காந்திக்கு எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்புங்கள் என்பதுதான் அங்கிருந்து வந்த பதில். யாரை நம்பி தனித்தொகுதியை விட்டுக்கொடுத்தாரோ, அவர்களே பொறுத்திருக்கச் சொன்னது ராஜாவுக்குப் பெரிய அடி.

1942-ல் கிரிப்ஸ் தூதுக்குழு டெல்லிக்கு வந்தபோது, பழைய சண்டையை ஓரம்வைத்து அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகப் போய் கிரிப்ஸைச் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ராஜா காலமானார். மாகாணம் முழுக்க கோயில் கதவைத் திறந்த சட்டம் 1947-ல் வந்தது.