நீராவிப் பொறியைத் திருத்திய ஜேம்ஸ் வாட்

1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா சாலை வரை ஓடிற்று. மாடும் குதிரையும் பூட்டாத அவ்வண்டியை இழுத்தது நீராவியின் ஆற்றலே. அவ்வாற்றலை வீணாக்காமல் பணிகொள்ளும் நெறியை உலகிற்குக் காட்டிய அறிஞர் ஜேம்ஸ் வாட் ஆவார்.

வாட், ஸ்காட்லாந்து நாட்டுக் கிரீனாக் நகரில் 1736ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். இளமையில் அடிக்கடி நோயுற்றமையால் பெரும்பாலும் வீட்டிலேயே கல்வி கற்றார். தந்தையாரின் பட்டறையில் கருவிகளைக் கையாளப் பழகினார். பின்னர் இலண்டன் சென்று, நுண்ணிய அளவைக் கருவிகள் செய்யும் தொழிலை ஓராண்டு பயின்று திரும்பினார். 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் அவருக்கு ஒரு பட்டறை அளித்தது.

கெண்டியின் மூடி ஆடுவதைக் கண்டு வாட் நீராவியின் வலிமையை உணர்ந்தார் என்னும் கதை பலரும் அறிந்ததே. ஆயினும், அவர் புகழுக்கு வித்திட்டது கெண்டியன்று. பழுதுற்ற மாதிரிப் பொறி ஒன்றேயாகும். சுரங்க நீரை இறைப்பதற்காக நியூகாமன் என்பவர் 1712இல் அமைத்த பொறியின் சிறு மாதிரி பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1763இல் அது பழுது பார்ப்பதற்காக வாட்டிடம் வந்தது. அதன் உருளையின் விட்டம் இரண்டு அங்குலமே. வாட் அதனைச் செப்பனிட்டார். எனினும், பொறி சில முறை அசைந்து நின்றுவிட்டது. கொதிகலத்து நீராவி அதற்குப் போதவில்லை.

செப்பனிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று வாட் அமையவில்லை, காரணத்தை ஆராய்ந்தார். அப்பொறியில் உருளைக்குள் நீராவி நிரம்பியதும் குளிர்ந்த நீர் பீச்சப்படும். நீராவி நீராகிச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ளும். ஆனால், ஒவ்வொரு முறையும் உருளையும் உடன் குளிர்ந்தது. அடுத்து வரும் நீராவியின் பெரும்பகுதி அதனை மீண்டும் சூடாக்குவதிலேயே செலவாயிற்று. சிறிய உருளைக்குக் கொள்ளளவை நோக்கப் பரப்பு மிகுதி. ஆதலின் இழப்பும் மிகுதி. குறை மாதிரியில் மட்டும் இல்லை. சுரங்கங்களில் நிலக்கரியை விழுங்கிய பெரும் பொறிகளிலும் அதுவே இருந்தது.

உருளை எப்பொழுதும் சூடாக இருத்தல் வேண்டும். நீராவியோ குளிர்தல் வேண்டும். இம்முரண்பாட்டிற்கு 1765ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கிளாஸ்கோ பசும்புல்வெளியில் உலவுகையில் விடை தோன்றியது. நீராவியை வேறொரு கலத்திற்குச் செலுத்தி, அங்கே குளிர்வித்தால் உருளை சூடாகவே இருக்கும் அன்றோ!

எண்ணம் எளிதில் தோன்றியது. செயலோ எளிதாக இல்லை. உருளைகள் சீராக அமையாமல் நீராவி கசிந்தது. பிழைப்பிற்காக வாட் கால்வாய்களுக்கு நிலம் அளந்தார். 1769இல் காப்புரிமை பெற்றும் பயன் கிட்டவில்லை. 1773இல் அவர் வெளியூரில் நிலம் அளந்துகொண்டிருந்தபோது மனைவியார் இறந்தார். ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1775இல் மேத்யூ போல்டன் என்னும் தொழிலதிபர் கூட்டாளியானார். பீரங்கி செய்வதில் வல்ல வில்கின்சன் உருளைகளைச் செவ்வையாகக் குடைந்து தந்தார். 1776இல் புதிய பொறிகள் வெற்றியுடன் இயங்கின. மிச்சமாகும் எரிபொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கே அவற்றிற்குக் கட்டணமாகப் பெறப்பட்டது.

வாட் 1819ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் மறைந்தார். நீராவி எஞ்சின்கள் இன்று அன்றாடப் போக்குவரத்திலிருந்து ஓய்வுபெற்றுவிட்டன. எனினும், திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தில், சுழலியைச் சுழற்றிய நீராவி தனிக்கலத்திலேயே குளிர்ந்து நீராகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை இயந்திரம் முதல் வீட்டு விளக்கு வரை திறனை அளக்கும் அலகும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பழுதைக் கண்டு சலியாமல் அதன் காரணத்தைத் தேடுபவரே புதுமையைக் காண்பர் என்பதற்கு வாட்டின் வாழ்வு சிறந்த சான்றாகும்.