பிராம் ஸ்டோக்கரின் வாழ்வும் ‘டிராக்குலா’ வாசிப்பும்

1847இல் டப்ளினில் பிறந்த பிராம் ஸ்டோக்கர் ஏறத்தாழ 7 வயதுவரை நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். 1832இல் ஸ்லைகோ நகரைச் சூறையாடிய காலராவைப் பற்றித் தாய் அவருக்குச் சொன்னார். அவர்தம் அச்சப் புனைவின் ஊற்றினை இங்கே காண்பது வழக்கம். எனினும் ‘டிராக்குலா’ (1897) அவரது அலுவற் பணிக்கே மிகுதியும் கடன்பட்டுள்ளது எனலாம். 1878 முதல் 27 ஆண்டுகள் அவர் நடிகர் ஹென்றி இர்விங்கின் மேலாளர். இலண்டன் லைசியம் அரங்கின் கடிதங்களும் கணக்குகளும் அவர் கையில் இருந்தன. புதினமும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு ஆகியவற்றாலேயே ஆனது. முற்றறிந்த கதைசொல்லி அதில் இல்லை. மாந்தர் நெடும்பொழுது தத்தம் தாள்களை மட்டுமே அறிவர். ஜோனதனின் நாட்குறிப்பை முதலிலேயே படித்துவிட்ட வாசகரோ, லூசியின் கழுத்திலுள்ள இரு சிறு துளைகளின் பொருளை அவர்களுக்கு முன்பே உணர்ந்து, எச்சரிக்க வழியின்றித் தவிக்கிறார். பேயுருவினும் இத்தவிப்பே கொடிது.

கதை தொடங்கும் திரான்சில்வேனியாவையும் ஸ்டோக்கர் ஏடுகளின் வழியேதான் அறிந்தார், நேரில் கண்டதில்லை. டிராக்குலா என்னும் பெயரை 1890இல் ஆங்கிலக் கடற்கரை ஊரான விட்பியின் நூலகத்தில், வில்லியம் வில்கின்சனின் நூலில் கண்டெடுத்தார். 1912இல் மறைந்தபோது, இர்விங்கின் மேலாளராகவே அவர் பெரிதும் அறியப்பட்டிருந்தார்.