விசுவநாததாஸ்

திண்டுக்கல் வட்டாரத்துத் தொப்பம்பட்டி போன்ற சிற்றூர்களில் வள்ளி திருமணக் கதையை அறியாதார் இலர். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய அந்நாடகத்தில், தினைப்புனம் காக்கும் வள்ளி, கதிர் தின்ன வரும் பறவைகளை ஓட்டுவாள். முருகன் அவளை நாடி வருவான். இவ்வெளிய காதற் கதையை ஆங்கில ஆட்சியாளர் அஞ்சும்படி செய்தார் ஒருவர். அவரே விசுவநாததாஸ்.

அவர் 1886 ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தார். பின்னர்த் திருமங்கலத்தைத் தம் ஊராகக் கொண்டார். முடிதிருத்தும் தொழிலுக்குரிய மருத்துவர் குலம் அவருடையது. அக்குலத்தார் நோய்க்கு மருந்தளித்தனர், பிள்ளைப்பேற்றுக்குத் துணைநின்றனர். எனினும், தன் உயிர் காத்தவர்களையே ஊர் தாழ்த்தி வைத்திருந்தது. விசுவநாததாஸுக்கு இளமையிலேயே இனிய குரல் வாய்த்திருந்தது. அக்குரலே அவரை மேடைக்கு அழைத்துச் சென்றது.

அந்நாளில் மதுரையைச் சூழ்ந்த பகுதிகளில் 'ஸ்பெஷல் நாடகம்' பெருவழக்காயிருந்தது. அதற்கென நிலையான குழு இல்லை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் ஆகியோரைத் தனித்தனியே பேசி அமர்த்துவர். அவர்கள் ஒத்திகையுமின்றி அன்றிரவே மேடையில் ஒன்றுகூடி, விடியுமளவும் நடிப்பர். ஆதலால் ஒருவர் வர மறுப்பினும் நாடகம் நடைபெறாது. விசுவநாததாஸின் குலத்தைக் காரணங்காட்டி அவருடன் நடிக்க நடிகையர் பலர் மறுத்தனர். மேடையில் வள்ளி மணாளனாக நிற்பவர், திரைக்குப் பின்னே ஒதுக்கப்பட்டார். வேடர் மகளை விரும்பி மணந்த தெய்வத்தின் கதையை நடிப்பவர்களே குலம் பார்த்து விலகியதை என்னென்பது! கே. பி. ஜானகி அம்மாள் அத்தடையைப் பொருட்படுத்தாது அவருடன் நடிக்க முன்வந்தார். அவ்வம்மையாரும் விடுதலைப் பாட்டுகளைப் பாடிச் சிறை சென்றவர்.

1919 ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த படுகொலை நாட்டை உலுக்கியது. மதுரகவி பாஸ்கரதாஸ் அக்கொடுமையைப் பாட்டாக எழுதினார். விசுவநாததாஸ் அதனை ஊர்தோறும் பாடினார். எழுத்தறியாத உழவரும் நூற்பாலைத் தொழிலாளரும் பஞ்சாபில் நடந்ததை நாடகக் கொட்டகையில் அறிந்தனர். அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடுக்க 1876 ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. ஆனால், கதையோ புராணம். பாட்டோ இடையில் எழுவது. முருக வேடம் பூண்ட தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். அக்கொக்கு யாரென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அவையோர் ஆரவாரம் செய்வர். காவலர்க்கும் பொருள் விளங்கும்! கைது ஆணையோடு அவர்கள் மேடையருகே காத்திருந்த இரவுகள் பல. 29 முறை அவர் சிறை புகுந்தார் என்பர். மேடையிலும் அவர் கதராடையே உடுத்தினார்.

பிறப்பைக் காட்டிக் கலைஞரை ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டில் மட்டும் இருந்ததன்று. அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில், மேரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு, அவருடைய நிறங்காரணமாக ஒரு பெரிய இசையரங்கு மறுக்கப்பட்டது. 1939 ஏப்ரல் 9 ஆம் நாள் அவர் லிங்கன் நினைவுமண்டபத்தின் படிகளில் நின்று பாட, ஏறத்தாழ 75,000 மக்கள் திரண்டு கேட்டனர். அவருக்குத் திறந்தவெளி அரங்காயிற்று. விசுவநாததாஸுக்கோ சிற்றூர்க் கொட்டகைகளே அரங்காயின. அந்நிய ஆட்சியை எதிர்த்துப் பாடிய அவர், தம்மவர் காட்டிய வேற்றுமையையும் ஒவ்வோர் இரவும் எதிர்த்தே மேடையேற வேண்டியிருந்தது. முன்னதற்காக அவரைப் போற்றியவர் பலர். பின்னதை நினைத்தவர் சிலரே.

சிறை சென்ற நாள்களில் நடிகருக்கு வருவாய் ஏது? கடன் பெருகிற்று. உடல் தளர்ந்தது. ஆயினும் அவர் பாட்டை விடவில்லை. 1940 டிசம்பர் 31 ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடைபெற்றது. முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாட்டரசு பின்னர் நினைவில்லமாக்கியது.