அண்ணாவுக்கு வந்த புற்றுநோய்: 1968 நியூயார்க் ஆபரேஷனும் காரப்பேட்டை மருத்துவமனையும்

காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அண்ணா பெயர் வைத்தது வெறும் மரியாதைக்காக அல்ல. அந்த ஊர்க்காரரான அவரைக் கொன்றதும் அதே நோய்தான்.

1909 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் ஒரு சாதாரண நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அண்ணாதுரை. வளர்த்தது தொத்தா ராஜாமணி அம்மாள். வீட்டு வறுமையால் நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச நாள் கிளார்க் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்தார். பெரியாரோடு சேர்ந்தார், 1949ல் பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கினார். 1953ல் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது, கட்சிக்காரர்களோடு தெருவில் இறங்கி துணி விற்றார். 1957ல் காஞ்சிபுரம் அவரை எம்.எல்.ஏ. ஆக்கியது. 1962ல் அதே ஊர் தோற்கடித்தது. 1967 மார்ச்சில் முதல்வரானார்.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருமொழிக் கொள்கை, உலகத் தமிழ் மாநாடு என்று எல்லாம் வேகவேகமாக நடந்தன. 1968 கோடையில் யேல் பல்கலைக்கழக அழைப்பில் அமெரிக்கா போய் வந்தார். சில மாதங்களிலேயே மறுபடியும் அதே நாட்டுக்கு விமானம் ஏற வேண்டியதாயிற்று. இந்த முறை நோயாளியாக.

உணவுக்குழாயில் புற்றுநோய்.

பொடி போடுவதும் புகையிலை போடுவதும் அண்ணாவின் பழக்கங்கள். அதை அவர் மறைத்ததும் இல்லை. புகையில்லாத புகையிலையும் இந்தப் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் ஒருவருக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வது எப்போதும் கஷ்டம்.

இந்த நோயின் ஆபத்தே அது ஒளிந்திருக்கும் விதத்தில்தான். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இறங்குகிறது. நன்றாக விரிந்து கொடுக்கும் என்பதால், கட்டி பெரிதாகி வழியை அடைத்த பிறகே சோறு இறங்க மறுக்கும். முதலில் இட்லி, சாதம் சிக்கும்; பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். குடலைப் போல வெளி உறை இல்லாததால் கட்டி பக்கத்து உறுப்புகளுக்கும் சீக்கிரம் பரவிவிடும்.

அந்தக் காலத்தில் அங்கே போய்ச் சேர நல்ல வழி ஒன்றுதான்: விலா எலும்புகளை விலக்கி நெஞ்சைத் திறப்பது. ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்து, நோயுள்ள குழாயை வெட்டி எடுத்து, இரைப்பையை மேலே இழுத்து இணைப்பார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் உணவுக்குழாயை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியதும் நியூயார்க்கில்தான், 1913ல், ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர். நெஞ்சில் சின்னத் துளைகள் போட்டு கேமரா வழியே செய்யும் முறை 1990களில்தான் வந்தது.

1968 செப்டம்பரில் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் மில்லர் அண்ணாவுக்கு ஆபரேஷன் செய்தார். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை முடிப்பதற்காக ஆபரேஷனை ஒரு நாள் தள்ளிப்போடச் சொன்னார் என்ற கதை வாட்ஸ்அப்பில் சுற்றாத வருஷம் இல்லை. கதை எப்படியோ, அவருடைய வாசிப்பு வெறி நிஜம்.

நவம்பரில் சென்னை திரும்பினார். ஓய்வு எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. 1969 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் நாளில், மெட்ராஸ் மாநிலம் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆனது. அன்றே தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையையும் திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது.

நோய் திரும்பியது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர் மில்லரும் நியூயார்க்கிலிருந்து வந்து பார்த்தார். பலனில்லை. பிப்ரவரி 3ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் அண்ணா இறந்தார். வயது 59. முதல்வராக இருந்தது இரண்டு வருஷம்கூட இல்லை. இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

அதே 1969ல்தான் காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது.