ஊடுகதிர் கண்ட ராண்ட்ஜன்



எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டிராதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. கீழே விழுந்து கை வீங்கினால் எக்ஸ்ரே, இருமல் வாரக்கணக்கில் நிற்காவிட்டால் எக்ஸ்ரே. வேலைக்கு மனுப் போட்டால்கூடச் சில இடங்களில் நெஞ்சுப் படம் கேட்கிறார்கள். முன்பெல்லாம் அந்தக் கறுப்புப் படத்தைப் பெரிய உறையில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குடும்பமே பார்க்கும். இப்போது டாக்டர் கம்ப்யூட்டர் திரையிலேயே பார்த்துவிடுகிறார்.

அந்தப் படத்தை உலகுக்குத் தந்தவர் வில்ஹெம் கொன்ராட் ராண்ட்ஜன் என்ற ஜெர்மானியர். பரிசளிப்பு விழா மலரில் அவர் கதையைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உலகத்தின் முதல் பௌதிக நோபல் பரிசைப் பெற்ற இவர், பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஒரு மாணவர்!

ராண்ட்ஜன் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் ஜெர்மனியின் லென்னப் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. அம்மாவின் குடும்பம் ஹாலந்து நாட்டில் இருந்தது. பிள்ளைக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்துக்கே குடிபெயர்ந்தது. வீட்டில் ஒரே பிள்ளை. படிப்பில் பெரிய கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்ததாகத் தெரியவில்லை. காட்டிலும் மேட்டிலும் சுற்றுவதில்தான் அவனுக்கு ஆசை அதிகம்.

உட்ரெக்ட் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சம்பவம் நடந்தது. வகுப்பில் எவனோ ஒரு பையன் ஆசிரியரைக் கேலிச் சித்திரமாக வரைந்துவிட்டான். பழி ராண்ட்ஜன் தலையில் விழுந்தது. வரைந்தது யார் என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. கூட்டாளியைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. 1863-இல் பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். இன்னொரு வழியாகப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்தில் நுழையப் பார்த்தான். அதிலும் தேறவில்லை. படிப்பு இருக்கிறது, ஆசை இருக்கிறது, கையில் சான்றிதழ் மட்டும் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது இல்லாவிட்டால் கதவு திறக்காது. பெற்றோர்களே, அந்தத் தாய் தகப்பன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் தகுதி இருந்தால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிய வந்தது. 1865-இல் ராண்ட்ஜன் அங்கே போய்ச் சேர்ந்தார். 1868-இல் இயந்திரப் பொறியியல் பட்டம், அடுத்த வருஷமே டாக்டர் பட்டம். அங்கேதான் பேராசிரியர் குண்ட் என்பவர் அவரைப் பௌதிகத்தின் பக்கம் இழுத்தார். அந்த ஊரில் உணவுக்கடை நடத்தியவரின் மகள் பெர்த்தாவையும் அங்கேதான் சந்தித்தார். பெர்த்தா அவரைவிட ஆறு வயது மூத்தவர். 1872-இல் கல்யாணம் நடந்தது. பிள்ளை இல்லாததால் பிற்காலத்தில் பெர்த்தாவின் அண்ணன் தம்பி வழி வந்த ஒரு பெண் குழந்தையைத் தங்கள் மகளாக வளர்த்தார்கள்.

இதற்கு நடுவே 1870-இல் குண்டோடு உதவியாளராக வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். டாக்டர் பட்டம் வாங்கியவர்தானே, விரிவுரையாளர் பதவி கொடுங்கள் என்று கேட்டால், பழைய பள்ளிச் சான்றிதழ் எங்கே என்று அங்கே மறுத்துவிட்டார்கள். பிறகு ஸ்ட்ராஸ்பர்க், ஹோஹென்ஹைம், கீஸன் என்று ஊர் ஊராக வேலை பார்த்தார். 1888-இல் அதே வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டுக்கொண்டது. 1894-இல் அதற்கே தலைவராகவும் ஆக்கியது. காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள்.

இனி அந்த இரவுக்கு வருவோம். 1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. ராண்ட்ஜனுக்கு அப்போது ஐம்பது வயது. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அதிக அழுத்த மின்சாரத்தைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அப்படிப் பாய்ச்சினால் குழாய் மங்கலாக ஒளிரும். அந்த வெளிச்சம் வெளியே வராதபடி கறுப்பு அட்டையால் குழாயை மூடியிருந்தார். அறையும் இருட்டு. கொஞ்சம் தள்ளி, பேரியம் கலந்த ஒரு ரசாயனப் பொருள் பூசிய அட்டை கிடந்தது. குழாயில் மின்சாரம் ஓடும்போதெல்லாம் அந்த அட்டை தானாக மினுமினுத்தது! குழாய்க்குள் ஓடும் பழைய கதிர்கள் வெளிக்காற்றில் சில அங்குலத்துக்கு மேல் போகாது என்பது அவருக்குத் தெரியும். அப்படியென்றால் அவ்வளவு தூரம் போய் அட்டையைத் தொட்டது எது?

அவர் தேடிக்கொண்டிருந்தது அதுவல்ல. வேறொரு சோதனைக்காகத்தான் குழாயை மூடி வைத்தார். இன்னொருவராக இருந்தால் அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நடந்திருக்கிறது. 1890-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குட்ஸ்பீட் என்ற பேராசிரியர் இதே மாதிரிக் குழாயை வைத்துச் சோதனை செய்தார். பக்கத்தில் இருந்த புகைப்படத் தகட்டில் இரண்டு வட்ட நிழல்கள் விழுந்திருந்தன. காரணம் புரியாமல் தகட்டை எடுத்து வைத்துவிட்டார்கள். ராண்ட்ஜனின் செய்தி வந்த பிறகு தேடி எடுத்துப் பார்த்தால், அது எக்ஸ்ரே படம்! குட்ஸ்பீட் நல்ல மனிதர். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று அவர் உரிமை கொண்டாடவில்லை.

ராண்ட்ஜன் ஏழு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பாடும் தூக்கமும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே. குழாய்க்கும் அட்டைக்கும் நடுவில் மரத்தை வைத்தார், கதிர் ஊடுருவியது. ஆயிரம் பக்கப் புத்தகத்தை வைத்தார், அதையும் ஊடுருவியது. மெல்லிய ஈயத் தகடுதான் அதைத் தடுத்தது. கையை நீட்டியபோது சதை மங்கலாகவும் எலும்பு கறுப்பாகவும் நிழல் விழுந்தது. உயிரோடு இருக்கும் மனிதனின் எலும்பை, கத்தி வைக்காமல் பார்த்தார்! இன்ன கதிர் என்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்குப் போடும் எக்ஸ் என்ற எழுத்தையே பெயராக வைத்தார். டிசம்பர் 22-ஆம் நாள் மனைவியைக் கூப்பிட்டுச் சுமார் பதினைந்து நிமிடம் கையை அசைக்காமல் வைக்கச் சொல்லிப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும், ஒரு விரலில் மோதிரமும் அப்படியே தெரிந்தன. பெர்த்தா அம்மையார் அதைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று சொல்வார்கள். பயப்படாமல் என்ன செய்வார்? எலும்புக் கையை மனிதர்கள் அதுவரை சாவுக்குப் பிறகுதானே பார்த்தார்கள்.

1896-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கட்டுரையையும் படங்களையும் சக விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ஐந்தாம் நாள் வியன்னாப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. பிறகு உலகம் முழுக்க அதே பேச்சுத்தான். பதின்மூன்றாம் நாள் ஜெர்மானியப் பேரரசரே அரண்மனைக்கு அழைத்துப் பார்த்தார்.

டாக்டர்கள் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஒருவர் காலில் குண்டு பாய்ந்து அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். டாக்டர்கள் துழாவிப் பார்த்தும் குண்டு அகப்படவில்லை. புண் ஆறியும் வலி போகவில்லை. மக்கில் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் காக்ஸ் முக்கால் மணி நேரம் கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்தார். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே குண்டு பதுங்கியிருந்தது. எடுத்துவிட்டார்கள். சுட்டவன்மேல் நடந்த வழக்கில் அந்தப் படமே சாட்சியாகவும் ஆனது.

குண்டு இருப்பது தெரிந்து அதைத் தேடினார்கள், சரி. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாத இடத்தில் இந்தப் படம் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1904-இல் ஹாம்பர்க் நகர டாக்டர் ஆல்பர்ஸ்-ஷோன்பர்க் ஒரு வாலிபரின் எலும்புகளைப் படம் எடுத்தார். எலும்புகள் பளிங்குக்கல் மாதிரி அடர்ந்த வெள்ளையாக இருந்தன. பார்ப்பதற்குத்தான் கல், உண்மையில் சுண்ணாம்புக் கட்டிபோல் எளிதில் முறியும். மிக அரிதான நோய் அது. மேலே பார்த்தால் ஒன்றும் புலப்படாது. படம் இல்லாவிட்டால் அடிக்கடி எலும்பு முறிகிறதே, பாவம் என்று சொல்லி விட்டிருப்பார்கள். பளிங்கு எலும்பு நோய் என்று அதற்கு இன்றும் பெயர்.

இன்னொன்று கேளுங்கள். சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இதயம் வலப்பக்கத்திலும் கல்லீரல் இடப்பக்கத்திலும், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல எல்லாமே மாறி அமைந்திருக்கும். அநேகருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இருமலுக்கோ வேலைக்கோ எடுத்த நெஞ்சுப் படத்தில் திடீரென்று தெரிய வரும். தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். குடல்வால் அழற்சி வந்தால் வலது அடிவயிறு வலிக்கும் என்றுதான் டாக்டர் எதிர்பார்ப்பார். இவருக்கோ இடப்பக்கம் வலிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் உயிர் தப்பும், தெரியாவிட்டால் நேரம் வீணாகும்.

வேறு சிலருக்குக் கழுத்தடியில் கூடுதலாக ஒரு சிறு விலா எலும்பு பிறவியிலேயே இருக்கும். அது நரம்பை அழுத்தினால் கை மரத்துப் போகும், பிடி தளரும். நாள் முழுக்கக் கையால் உழைக்கிறவர் வேலைக் களைப்பு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டே இருப்பார். கழுத்துப் படம் ஒன்று காரணத்தைக் காட்டிவிடும். காசநோய்கூட ஆரம்பத்தில் சிலருக்கு இருமல் இல்லாமலே நுரையீரலில் குடியிருக்கும். படத்தில் ஒரு நிழல் தெரியும். நிழல் தெரிந்தவுடன் காசம் என்று முடிவு கட்டவும் கூடாது. சளியைச் சோதித்துத்தான் டாக்டர் உறுதி சொல்வார். அதனால் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் வந்தால் பயந்து ஒளியாதீர்கள், போய்விடுங்கள்.

இந்தக் கதிருக்கு ஒரு கெட்ட முகமும் உண்டு. ஆரம்ப காலத்தில் அது தெரியாமல் டாக்டர்கள் நாள்தோறும் தங்கள் கையையே வைத்துச் சோதித்தார்கள். தோல் வெந்தது, விரல்கள் போயின, புற்றுநோய் வந்தது. மேலே சொன்ன ஆல்பர்ஸ்-ஷோன்பர்க்கும் ஒரு கையை இழந்து 1921-இல் இறந்தார். இப்படி உயிர்விட்ட பல நாட்டவரின் பெயர்களைப் பொறித்து 1936-இல் ஹாம்பர்க்கில் ஒரு நினைவுத்தூண் நாட்டினார்கள். இன்றைய கருவிகளில் ஒரு நெஞ்சுப் படத்துக்கு மிகச் சிறிய அளவு கதிர்தான் செலவாகிறது. இருந்தாலும் தாய்மார்களே, கர்ப்பமாக இருந்தால் படம் எடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ராண்ட்ஜனுக்குத் திரும்புவோம். இந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுத்திருந்தால் கோடீஸ்வரராகியிருக்கலாம். அவர் எடுக்கவில்லை. மனித குலத்துக்குப் பொதுவான பொருள் என்று விட்டுவிட்டார். பிரபு பட்டம் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றார். அவர் பெயரையே கதிருக்கு வைத்தபோதும் எக்ஸ் கதிர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1901 டிசம்பர் 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசை வாங்கிக்கொண்டார், ஆனால் வழக்கமான பேருரை எதுவும் ஆற்றவில்லை. மேடைக்கூச்சம் அதிகம். பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். சான்றிதழ் எங்கே என்று கேட்ட அதே இடத்துக்கு!

1900-இலேயே அவர் மியூனிக் நகருக்கு மாறிவிட்டார். கடைசிக் காலம் சுகமாக இல்லை. நெடுநாள் நோயில் கிடந்த பெர்த்தா அம்மையார் 1919-இல் காலமானார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் விலைவாசி தாறுமாறாக ஏறி, பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. அவருடைய சேமிப்பும் அதோடு கரைந்தது. 1923 பிப்ரவரி 10-ஆம் நாள் குடல் புற்றுநோயால் அவர் இறந்தார். கதிரினால் வந்த நோய் அது என்று ஆராய்ந்தவர்கள் கருதவில்லை. அவர் அந்தக் கதிரோடு பழகியது கொஞ்ச காலம்தான், அதுவும் பெரும்பாலும் உலோகத் தடுப்புக்கு இப்பால் நின்றுதான்.

அவர் சொல்லி வைத்தபடியே ஆய்வுக் குறிப்புகளையும் கடிதங்களையும் எரித்துவிட்டார்கள். அதனால் அந்த நவம்பர் இரவில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்று யாராலும் முழுதாக எழுத முடியவில்லை. பெர்த்தாவின் கைப்படம் மட்டும் உலகம் பூராவும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கீஸன் நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், தாய் தகப்பன் பக்கத்திலும் மனைவி பக்கத்திலும் அவரை அடக்கம் செய்தார்கள்.