செல்லுக்குள் சில்லறை தேடியவர்

விக்கிரவாண்டியில் உங்கள் பள்ளி மைதானம். நூறு மீட்டர் ஓட்டம். விசில் ஊதியதும் சிட்டாய்ப் பறக்கிறீர்கள். மூச்சு வாங்குவதற்குள் பாதித் தூரம் போய்விடுகிறது! அந்த முதல் சில விநாடிகளுக்கான சக்தி தசைக்குள் எங்கே இருந்தது? அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். பெயர், எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திரா. அன்று சென்னை மாகாணம். படிப்பில் புலியா? இல்லை! மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை அறைக்கும் கதர் உடுப்போடு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அந்த நாட்களில் வீட்டில் பெரிய இடி விழுந்தது. அவருடைய அண்ணனும் தம்பியும் ஸ்ப்ரூ என்ற நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். குடல் கெட்டு, சாப்பிடும் சத்து உடம்பில் ஒட்டாமல் போகும் நோய் அது. அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது.

சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் பகலில் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் கடைநிலை வேலை. பேராசிரியர் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1925-ல் ஒரு வழி சொன்னார். ரசாயனம் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர்த்தியாக இருந்தால் பாஸ்பரஸ் அதிகம்! அதே முறையில் தசையை ஆராய்ந்தபோது, 1927-ல் புதிய பொருள் ஒன்று சிக்கியது: பாஸ்போகிரியேட்டின். தசை வேலை செய்தால் அது குறைந்தது. ஓய்வு கிடைத்தால் மறுபடி ஏறியது. 1929-ல் ஏ.டி.பி.யையும் இருவரும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே சமயம் அதைக் கண்டார்.

திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டரைக் கவனித்திருப்பீர்கள். பையில் சில்லறை தீரப்போகும்போது, தனியாக வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக்கொள்வார். செல்லுக்கு ஏ.டி.பி.தான் கைச்சில்லறை. வேகமாக ஓடும்போது அது ஓரிரு விநாடிக்குத்தான் வரும். உடனே பாஸ்போகிரியேட்டின் பொட்டலம் பிரியும், ஏ.டி.பி. அளவு சட்டென்று சரியாமல் காக்கும். இந்த வேலை பிற்பாடுதான் விளங்கியது. ஏ.டி.பி. தீர்ந்தால் ஓட்டம் மட்டுமா நிற்கும்? உள்ளே கசியும் சோடியத்தைச் செல் ஓயாமல் வெளியே இறைக்கிறது. அதுவும் நின்று, தண்ணீர் புகுந்து, செல் வீங்கிவிடும்.

1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதுவே மருந்தானது. அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும் காலம் கடந்துவிட்டது.

ஊர் திரும்பாமலே, 1948 ஆகஸ்டில், 53 வயதில் நியூயார்க்கில் காலமானார். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டிருப்பீர்களே, அதில் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது.